சின்னவள் பங்கு

பம்பை அமுக்கி அமுக்கி விரல் மரத்துப்போனதுதான் மிச்சம், பால் வருகிற பாடாக இல்லை. வலது பக்கம் நாலு சொட்டு, இடது பக்கம் அதுவும் கிடையாது, இதென்னடா சோதனை என்று ரஞ்சனி முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, தலையணைமேல் நிமிர்த்தி வைத்திருந்த ஃபோனைப் பார்த்தாள். ஃபோனில் பெரியவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் மெல்லிசாக ஒரு குழாய், காலில் மினுங்குகிற சிவப்பு வெளிச்சம், தலையில் ஊதாக் குல்லா. போடியில் ஓட்டு வீட்டு உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு மதுரையில் பிள்ளை மூச்சு விடுவதைப் பார்க்கலாம் என்றால் யார் நம்புவார்கள், ஆனால் பார்க்கிறாளே, நெஞ்சுக்கூடு ஏறுவதும் இறங்குவதும் தெரிகிறதே. வயிற்றுத் தையல் சீழ் வைத்துப் பிரிந்து, காய்ச்சலில் அவள் உளறிக் கிடந்தபோது பெரிய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், புண் ஆறுகிறவரைக்கும் பிள்ளைகள் இருக்கிற அறைக்குள் கால் வைக்கக் கூடாது, ஊருக்குப் போய்ப் படுக்க வேண்டும், பஸ்ஸில் குலுங்கி வந்து போகவும் கூடாது என்று. அன்றைக்கு ஜெபசெல்வி சிஸ்டர்தான் ஃபோனை வாங்கிப் பிள்ளைகளைக் காட்டுகிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தது. "நெனச்சப்பல்லாம் தெறந்து பாரும்மா. பாத்துக்கிட்டே பால் எடுத்தா நல்லாச் சொரக்கும், நாங்க கண்ணால கண்டது." மகராசி, அந்தம்மா வாய்க்குச் சர்க்கரைதான் போடணும், நேற்றுவரைக்கும் அப்படித்தான் சுரந்தது. இன்றைக்குப் பார்த்து இப்படி. அதுவும் இன்றைக்குக் காலையில்தான் அந்தம்மா ஃபோனில் குரல் பதிந்து அனுப்பியிருக்கிறது: "பாப்பா நல்லாக் குடிக்கிறா ரஞ்சனி, இன்னைலேர்ந்து அளவைக் கூட்டிட்டோம், சாயங்காலம் ஒரு பாட்டில் முழுசாக் குடுத்து விடும்மா. பத்தலைன்னா பவுடர் பால்தான் குடுக்கணும், அந்தக் குடலுக்கு அது சேராது, வயிறு வீங்கிரும். நெறையக் குடிச்சாப் பொழச்சுக்குவா." பொழச்சுக்குவா. அந்தச் சொல்லை ரஞ்சனி காலையிலிருந்து எத்தனை தடவை கேட்டாளோ. ஆனால் அதற்கு முன்னால் வருகிற சொல்லில்தான் காது போய் மாட்டிக்கொள்கிறது. பாப்பா. பாப்பாக்கள் இல்லை, பாப்பா.

பொறந்தது ரெண்டு. ஆப்பைத் திறந்தால் ரெண்டு சன்னல் வரும், மேலே பெரியவள், கீழே சின்னவள். மாசம் நிறையாமல் ஒரே வயிற்றிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார்கள், அதில் பெரியவள் என்ன சின்னவள் என்ன, இருந்தாலும் ரஞ்சனியின் அம்மா அப்படித்தான் கூப்பிட்டாள், பேர் வைக்கிறவரைக்கும் அதுதான் பேர். ரெண்டு பேரையும் ரஞ்சனி கையில் வாங்கவில்லை. தொட்டதில்லை, மோந்ததில்லை. மயக்கத்தில் கிடந்தவளுக்கு யார் காட்டியிருப்பார்கள்? அந்த ஃபோன் மட்டும் இல்லையென்றால் சின்னவள் என்று ஒருத்தி வந்தாள் என்பதற்கு வயிற்றில் கிழித்த கோட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஃபோன் இருந்ததால்தான் தெரியும், அவளுக்கு வலது கால் சும்மா இருக்காது. சிஸ்டர் மாட்டிவிடுகிற உறையை எத்தி எத்திக் கழற்றிவிடுவாள், சுண்டுவிரல் பருமன் கால், அதற்கு அவ்வளவு வீம்பு. சிஸ்டர் வந்து மறுபடி மாட்டும், இவள் மறுபடி கழற்றுவாள், ரஞ்சனிக்குத் தையல் இழுக்க இழுக்கச் சிரிப்பு வரும். போடி வாயாடி என்பாள் ஃபோனைப் பார்த்து, வாயே திறக்காத பிள்ளையை. அம்மாவுக்கு அது பிடிக்காது. பூண்டை உரித்துக்கொண்டே வைவாள், "சும்மாச் சும்மா அதையே பாக்காதடி. பெத்தவ கண்ணுதான் பொல்லாக் கண்ணு. கண்ணாடிக்குள்ள கெடந்தாலும் கண்ணு படும்." அப்போதெல்லாம், போம்மா நீயும் உன் கண்ணும், என்று ரஞ்சனி சொல்லிவிடுவாள். இப்போது அது வந்து வந்து தைக்கிறது. ஏனென்றால் பெரியவளை அவ்வளவு பார்க்கவில்லை. சின்னவளைத்தான் பார்த்தாள். நோஞ்சானாக இருக்கிறாளே என்று அவளைத்தான், சாப்பிடும்போது, படுக்கும்போது, விடியுமுன்னே முழிப்பு வந்தால் அப்போதும், அவளைத்தான் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கண்ணாவது மண்ணாவது, பன்னெண்டாவது வரைக்கும் படித்தவள்தானே நீ. படித்தால் என்ன, பெத்தவள்தானே. ரஞ்சனி சட்டென்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்த மாத்திரத்தில், ஐயோ இந்நேரம் மூச்சு நின்றிருந்தால் என்று பதறித் திரும்ப நிமிர்த்தினாள். பெரியவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தாலும் பயம், பார்க்காவிட்டாலும் பயம், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது.

போன வாரம் ஒரு நாள் கீழ்ச் சன்னல் நீலமாயிற்று. பிள்ளைக்கு ஏதாவது மருந்தோ ஊசியோ போடுகிறபோது சிஸ்டர்மார் கேமராவை மறைப்பார்கள், பெற்றவர்கள் பார்த்துப் பதறக் கூடாது என்று. அப்போது நீலத்தில் எழுத்து ஓடும், கவனிப்பு நடைபெறுகிறது, சற்றுப் பொறுக்கவும். பொறுத்தாள். சோறு ஆறிப்போகிறவரைக்கும் பொறுத்தாள். பிறகு நீலமும் போய், கேமரா இணைக்கப்படவில்லை என்று வந்தது. இன்றைக்கு வரைக்கும் அதேதான். பாண்டீஸ்வரன் மறுநாள் காலையில் மதுரையிலிருந்து வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு சொன்னான், "சின்னவள வேற ரூமுக்கு மாத்திட்டாக ரஞ்சி. அங்க இன்னும் கேமரா மாட்டல. நல்லாருக்கா." புருசன் நல்ல மனுசன். வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் நெருப்பைப் பார்ப்பான், பொய் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்ப்பான். அம்மா பின்னாலிருந்து, "அதான் நல்லாருக்காள்ல, பெறகென்ன, சாப்புடு" என்றாள். அம்மா பொய் சொன்னால் மகா உற்சாகமாகச் சொல்வாள். ரெண்டு பேரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள், சிஸ்டர் காதிலும் போட்டுவைத்திருப்பார்கள், பச்சை உடம்புக்காரி, சொன்னால் அழுவாள், அழுதால் பால் வற்றும், பால் வற்றினால் இருக்கிற ஒன்றும் போகும் என்று. கேமராவுக்குக் காரணம் கண்டுபிடித்த மனுசனுக்கு டிக்கைப் பற்றித் தெரியாமல் போயிற்று, பாவம். பாட்டிலில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் கோடு கோடாக இருக்கும். வீட்டில் பாலை நிரப்பியதும் ரஞ்சனி அதை ஃபோனுக்குக் காட்ட வேண்டும், ஒரு டிக் விழும். ஆஸ்பத்திரியில் வாங்கி வைக்கும்போது அவர்கள் காட்டுவார்கள், ரெண்டாவது டிக். ஊட்டுமுன் பாட்டிலையும் பிள்ளை கால் பட்டையையும் சேர்த்துக் காட்டினால்தான் மூணாவது, அது பச்சையாக விழும். ஒருத்தி பால் மறந்தும் இன்னொருத்தி பிள்ளை வயிற்றுக்குப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. பாண்டீஸ்வரனிடம் இருப்பது பட்டன் ஃபோன். தினம் சாயங்காலம் பால் பெட்டியை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போவது வரைக்கும்தான் அவனுக்குத் தெரியும். பெரியவள் பாட்டிலுக்கு ராத்திரி படுக்குமுன் மூணு டிக்கும் விழுந்துவிடும். சின்னவள் பாட்டிலுக்கு ஒன்றுதான், ரஞ்சனி போட்ட ஒன்று. மறுநாளும் ஒன்று. அதற்கு மறுநாளும். மதுரைக்குப் போகிற பால் மதுரையில் போய் இறங்கவே இல்லை.

தெரிந்துபோயிற்று. ஆனாலும் தெரியாது. இப்படி ஒன்று உண்டா என்றால் உண்டு, அவளைக் கேட்டால் சொல்வாள். ஸ்டிக்கர் கிழிந்திருக்கும், அந்தப் புது ரூமில் மிஷின் இருக்காது, டவர் கிடைத்திருக்காது, அரசாங்க ஆபீஸ் மாதிரி நாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டே மனசு பொழுதை ஓட்டியது. வாயைத் திறந்து, மாமா, சின்னவ இருக்காளா இல்லையா, என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் ஆகிப்போகும். கேட்காதவரைக்கும் கீழ்ச் சன்னலில் கேமராதான் இல்லை, பிள்ளை இருக்கிறாள். அதனால் தினம் ரெண்டு பாட்டில் கழுவினாள், ரெண்டையும் வெந்நீரில் கொதிக்க விட்டாள், ரெண்டிலும் ஸ்டிக்கர் ஒட்டினாள், பாதிப் பாதி நிரப்பினாள், முதல் பால் சின்னவளுக்கு, அவள்தானே நோஞ்சான். அம்மா எட்டிப் பார்த்து, "சின்னவளுக்கு ஊத்திட்டியா?" என்பாள். "ஊத்திட்டேம்மா." பாண்டீஸ்வரன் ரெண்டையும் நீலப் பெட்டியில் ஐஸுக்கு நடுவே வைத்து, விழுந்துவிடாமல் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுப்பான். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று கேட்டால் சாமிக்குத்தான் வெளிச்சம். மூணு பேரும் கூடி ஒரு பிள்ளையைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறோம் என்று ரஞ்சனிக்குத் தோன்றும். ஆனால் ராத்திரி, அம்மா பக்கத்தில் குறட்டை விடும்போது, தோன்றுவது வேறு. எங்கே வைத்தார்கள்? துணி சுற்றினார்களா? அந்தக் கால் உறையை மாட்டினார்களா? கேட்க முடியாத கேள்வியெல்லாம் வரிசையாக வரும், புரண்டு படுத்தால் தையல் இழுக்கும், அழுகை என்று ஒன்று வந்தால் மாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அதை முழுங்கிவிடுவாள். வற்றிவிடக் கூடாதே.

அதெல்லாம் முழுங்கியும் இன்றைக்கு வற்றித்தான் போய்விட்டது போலிருக்கிறது. என்ன குறை வைத்தாள் அம்மா? சுறாப்புட்டு ஆயிற்று, பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாயிற்று, முருங்கைக்கீரை தின்று தின்று நாக்கே பச்சையாயிற்று. தெருக்கோடிச் சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காயைக் கொட்டிக் காயவைத்திருக்கிறார்கள், அந்த வாசனை சன்னல் வழியே குப்பென்று வந்து குமட்டியது. ரஞ்சனி எதிரே வைத்திருந்த பாட்டில்களைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில், உட்கார்ந்ததும் முதலில் சுரந்ததையெல்லாம் சின்னவள் பாட்டிலில் ஊற்றிவிட்டாள், அது முக்காலுக்கு மேலேயே நிறைந்திருந்தது. பெரியவள் பாட்டிலில் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு பாட்டில் முழுசாக, என்றது சிஸ்டர். அந்தக் குடலுக்குச் சேராது, என்றது. வயிறு வீங்கிரும். மறுபடி பம்பை எடுத்தாள். ஃபோனில் பெரியவள் முகத்தைச் சுளித்தாள், கையை மேலே தூக்கினாள், வாய் திறந்தது. அழுகிறாள். சத்தம் வராது, சத்தம் கேட்க வசதியில்லை, வாய் மட்டும் சதுரமாகத் திறந்து திறந்து மூடுகிறது. பசி. பசிக்குதாடி, இரு, இந்தா அமுக்குறேன். சொட்டு. இன்னொரு சொட்டு. சத்தமில்லாத அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க மார் கல்லாயிற்றே தவிர இளகவில்லை, அவளுக்குத் தன் உடம்பின்மேலேயே ஆத்திரம் வந்தது. அப்போது திரை நீலமாயிற்று.

கவனிப்பு நடைபெறுகிறது, சற்றுப் பொறுக்கவும். இல்லை, இல்லை, ஒன்றுமில்லை, துணி மாற்றுவார்கள், குழாயைச் சரிசெய்வார்கள், இது தினம் வருகிறதுதான், தினம் வருகிறதுதான் அன்றைக்கும் வந்தது, அன்றைக்கும் இப்படித்தான் பொறுக்கச் சொன்னது, பொறுத்தேனே, என்ன கிடைத்தது? கண் வைத்துவிட்டேன். இவளையும் பார்த்துத் தொலைத்துவிட்டேன். அம்மாவைக் கூப்பிடலாமா, கூப்பிட்டு என்ன சொல்ல, சிஸ்டருக்கு ஃபோன் போடலாமா, பிள்ளையைப் பார்க்கிற ஆளை எடுத்துப் பேசச் சொன்னால் அதிலும் ஒரு நிமிசம் போகுமே. மாரியாத்தா, இவளை விட்டுவிடு, ஒண்ணு உனக்குக் குடுத்தாச்சு. குடுத்தாச்சு. அந்தச் சொல் வந்து விழுந்த பிறகுதான் ரஞ்சனிக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இத்தனை நாள் மனசுக்குள்ளேகூட அதைச் சொன்னதில்லை. பேரம் பேசுகிற அவசரத்தில் சொல்லிவிட்டாள். சின்னவளைக் குடுத்தாச்சு. சின்னவள் செத்துப்போய்விட்டாள். திரை நீலமாகவே இருந்தது, ஓடு வெயிலில் சடசடத்தது, ரஞ்சனி பம்பைப் பிடித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு நீலம் விலகியது. பெரியவள் இருந்தாள். குல்லாவை மட்டும் மாற்றியிருந்தார்கள், மஞ்சள் குல்லா. வாய் இன்னும் அழுதுகொண்டிருந்தது, நன்றாக, பலமாக, பிழைக்கிற பிள்ளை அழுகிற மாதிரி.

சின்னவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. எடுத்துவிட்டாளே தவிர சாய்க்கக் கை வரவில்லை. ஒருத்தி பங்கைப் பிடுங்கி இன்னொருத்திக்கா, அதுவும் நோஞ்சான் பங்கையா, என்று ஒரு குரல். இத்தனை நாள் பெரியவள் வாயில் விழ வேண்டியதில் பாதியை எடுத்து இல்லாதவளுக்கு ஊற்றினாயே, அதற்கென்ன சொல்கிறாய், என்று இன்னொரு குரல். ரெண்டும் அவள் குரல்தான், ரெண்டும் நியாயம்தான். இதைச் சாய்த்தால் முடிந்தது. இனி ரெண்டு பாட்டில் கழுவ வேண்டாம், ரெண்டு ஸ்டிக்கர் வேண்டாம், சின்னவளுக்கு ஊத்திட்டியா என்று யாரும் கேட்க மாட்டார்கள், சின்னவள் என்ற பேச்சே இந்த வீட்டில் எடுக்க மாட்டார்கள், பெரியவளைப் பெரியவள் என்று கூப்பிடக்கூடக் காரணம் இருக்காது. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது இந்தப் பால் ஒன்றுதான். பெத்தவளே அதையும் எடுத்தால்? ஃபோனில் அந்த வாய் திறந்தது, மூடியது. கோவிச்சுக்காதடி, என்றாள் ரஞ்சனி வாய்விட்டு. அக்காவுக்குப் பசிக்குதுடி. நீ நல்ல பிள்ளைல்ல. மூடியைத் திருகி, ஒரு சொட்டு வெளியே போகாமல், மெல்லச் சாய்த்தாள். பெரியவள் பாட்டில் கழுத்துவரைக்கும் நிறைந்தது. ஸ்டிக்கரை ஃபோனுக்குக் காட்டினாள், டிக் விழுந்தது. காலிப் பாட்டிலைத் தரையில் வைக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மாப்ள வந்தாச்சுடி, தெரு முக்குல வர்றாரு. ஊத்திட்டியா? சின்னவளுக்கு?" அந்தக் கடைசிச் சொல்லை எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாள், தினம் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கே அது நிஜமாகிப்போயிருக்கும்.

"சின்னவளுக்கு ஊத்தலம்மா."

"ஏண்டி, பத்தலையா? ரெண்டுலயும் கொஞ்சங் கொஞ்சமா..."

"இல்லாத பிள்ளைக்கு எதுக்கும்மா பாலு?"

அம்மா நின்றாள். வாய் ஏதோ சொல்லப் போயிற்று, அந்த உற்சாகமான பொய்களில் ஒன்றைத் தேடியிருப்பாள், கிடைக்கவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்னப் பெத்த ஆத்தா" என்றாள். "ஒனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா இம்புட்டு நாளும்?"

பாண்டீஸ்வரன் பெட்டியோடு உள்ளே வந்தான். மாமியார் உட்கார்ந்திருக்கிற இருப்பைப் பார்த்தான், நிறைந்த ஒரு பாட்டிலைப் பார்த்தான், பெண்டாட்டி மடியில் கிடந்த காலிப் பாட்டிலைப் பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வெயிலில் வந்த முகம், நாலு நாள் தாடி, கண் உள்ளே போயிருந்தது. இவனுக்கும் பிள்ளைதானே செத்தது, இவன் எங்கே போய் அழுதான் என்று அப்போதுதான் ரஞ்சனிக்கு முதல்முதலாகத் தோன்றியது.

"மாமா, ஒண்ணு கேக்குறேன், பொய் சொல்லக் கூடாது. தெனம் ரெண்டு பாட்டில் வாங்கிட்டுப் போனீங்களே. அவ பால என்ன பண்ணுனீங்க? சாக்கடையில ஊத்துனீங்களா?"

"ஏ, என்ன பேச்சுப் பேசுற?" என்றான். கோபம் வந்த வேகத்திலேயே குரல் உடைந்துவிட்டது. "சாக்கடையிலயா ஊத்துவேன்? உசிலம்பட்டி தாண்டி நம்ம காட்டுலதான் அவள வச்சிருக்கு, கெணத்து மேட்டுல, புங்க மரத்தடியில. பஸ்ஸ விட்டு எறங்கிப் போயி, அவ தலமாட்டுல ஊத்திட்டு, அடுத்த பஸ்ஸப் புடிச்சு மதுரைக்குப் போவேன். வேறென்ன பண்ணச் சொல்ற என்னைய? நீ அவளுக்குன்னு குடுத்து விடுறத நான் வேற யாருக்குக் குடுப்பேன்?"

புங்க மரத்தடி. ரஞ்சனிக்கு அந்த இடம் தெரியும், கல்யாணமான புதுசில் அங்கே உட்கார்ந்து பணியாரம் தின்றிருக்கிறார்கள், நல்ல நிழல், காற்று வரும். நெஞ்சுக்குள் சுற்றிச் சுற்றி வந்த ஒன்று அங்கே போய் உட்கார்ந்தது போலிருந்தது. பிறகு வேறொன்று வந்து உறுத்தியது.

"ஐஸ் பெட்டியில வச்ச பாலாச்சே மாமா. அப்படியே சில்லுனா ஊத்துனீங்க?"

பாண்டீஸ்வரன் தலையை ஆட்டினான். "சேச்சே. பச்சப் பிள்ளைக்கு ஆகுமா? செத்த நேரம் ரெண்டு கையிலயும் பொத்தி வச்சிருந்து, குளிரு விட்ட பெறகுதான்."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ரஞ்சனி நிறைந்த பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினாள், அவன் வாங்கி ஐஸுக்கு நடுவே வைத்துத் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்தான், ஒரு பக்கம் இடம் காலியாக இருந்ததால் துண்டு பத்தவில்லை, தோளில் கிடந்த இன்னொரு துண்டையும் எடுத்து வைத்தான்.

"கெளம்புங்க," என்றாள். "பெரியவ பசியில அழுறா. இன்னைக்கு வழியில எறங்க வேணாம். நேராப் போங்க."

சொல்லி முடிப்பதற்குள் வாய் கோணிவிட்டது. இத்தனை நாள் முழுங்கியதெல்லாம் சேர்ந்து வந்தது, தையலைக் கையால் அழுத்திக்கொண்டு, தெருவே கேட்கும்படி ரஞ்சனி ஓவென்று அழுதாள். பாண்டீஸ்வரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான், போகவும் முடியாமல், திரும்பவும் முடியாமல். "போங்க மாமா, பஸ்ஸு போயிரும்," என்று அழுகைக்கு நடுவே கத்தினாள். அவன் போனான்.